ஒட்டாத துணி

செப். 30, செவ்வாய்

காலையில் தூறல். வேலம்பாளையம் ரோடெல்லாம் சேறு. பனியன் கம்பெனி லேப்பில் என் மூன்று தோல்களும் நலம். வளர்த்த மனிதத் தோல், சட்டைப் பட்டன் அளவு. ஆபரேஷனில் ஒருவர் மனமுவந்து கொடுத்த தோலின் செல். கையில் இனி மிச்சம் இல்லை. இதுவும் கெட்டால் ஆராய்ச்சி மூடல், நான் மறுபடி பனியன் செக்கிங்.

மூன்றிலும் வட்டமாகக் காயம் போட்டேன். ஒன்று திறந்தபடி, ஒன்றுக்குச் சாதாரண காஸ் கட்டுத்துணி, ஒன்றுக்கு நம் கம்பெனியில் பின்னிய புதுத் துணி.

போன வருஷம் அயர்ன் டேபிளில் அம்மா கையைச் சுட்டுக்கொண்டாள். கட்டுப் பிரித்தபோது புதுத் தோலும் கூடவே வந்தது. அந்த அலறல் இன்னும் காதில். நம் துணி ஒட்டவே கூடாது.

அம்மா: "ஏட்டி, தோலுக்குச் சோறு வச்சியா?" நக்கல்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, சுண்டல். நான் போனதே சாயங்காலம். தோல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரில் லைட் இல்லை! கதவில் சந்தனம், குங்குமம். தொட்டால் சில்லென்று.

சூப்பர்வைசர் வேலுச்சாமி அண்ணன் சிரித்த முகமாக, "காலைல தொடச்சுப் பொட்டு வெச்சு ஆஃப் பண்ணிட்டனுங்க அம்மிணி. மெஷினுன்னா இன்னைக்கு ஓட்டக்கூடாதில்லீங்க?"

"உள்ள உசுரு இருக்குதுண்ணா!" கத்திவிட்டேன். பாவம், முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நிட்டிங் மெஷினாட்ட நெனச்சுப்போட்டனுங்க."

தோலுக்கு ஊற்றிய சிவப்புத் திரவம் ரோஸாகிக் கிடந்தது, நல்ல அறிகுறி இல்லை. மாற்றினேன். சுவிட்ச் போட்டேன். பிழைக்குமா என்று நாளைக்குத்தான் தெரியும்.

அக். 2, வியாழன்

எனக்கு முன்னால் கேட்டில் வேலுச்சாமி அண்ணன். தூங்கவே இல்லையாம்.

மைக்ராஸ்கோப்பில் காயத்தின் ஓரம். செல்கள் உயிரோடு இருக்கின்றன! காயத்தை மூட உள்ளே நகர ஆரம்பித்துவிட்டன! அவரையும் பார்க்க வைத்தேன்.

"அப்பனே முருகா, பொழச்சுக்கிச்சுங்களா?"

"பொழச்சுக்கிச்சுண்ணா!"

அக். 6, திங்கள்

நல்ல வெயில். கட்டுப் பிரிக்கும் நாள். திறந்த காயம் பாதிதான் மூடியிருக்கிறது. காஸை எடுத்ததும் புதுப் படலம் பிய்ந்துகொண்டு வந்தது. அம்மா கையேதான்.

நம் துணி. ஓரத்தைத் தூக்கினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் காயம் முழுசாக மூடியிருக்கிறது. முழுசாக!

ஒரே ஒரு தடவை, அதுவும் குளிரில் கிடந்த தோல். திரும்பத் திரும்பச் செய்து பார்க்கணும். தெரியும். இருந்தாலும் அப்பாடி! புது செல் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதச் சொல்லிவிட்டார் முதலாளி.

வீட்டில் அம்மா தழும்பைத் தடவிக்கொண்டு, "நெசமாவே ஒட்டலையாட்டி?"

"ஒட்டலம்மா."

"அப்ப இனிமே கட்டுப் பிரிக்கையில யாரும் கத்த வேண்டாம்."

இன்னும் எவ்வளவோ டெஸ்ட் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள்.