ஏழாம் நம்பர் மெஷின்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் ஷூ கம்பெனியிலிருந்து இந்த வெளிநாட்டு ஃபேக்டரிக்குக் கப்பலில் வந்த தையல் மெஷின்களில் பதினொன்று ஓடுகின்றன. உன் ஏழாம் நம்பர் மட்டும் அடம்பிடிக்கிறது. தையல் கோணலாகப் போகிறது. நான் மாற்றாத பாகம் இல்லை. அது ஓடினால்தான் எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகும். பத்து வருஷம் அதில் உட்கார்ந்தவள் நீ. என்னதான் செய்வாய், சொல்லேன்.

உன் தம்பி,
பேருக்கு மெக்கானிக்

மார்ச் 15

அருமைத் தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இளைத்துப் போய்விடாதே.

அங்கே எல்லா மெஷினும் ஓடும்வரை இங்கே மீதி இரண்டு லைனை மூடமாட்டோம் என்று மேனேஜர் கேட்டருகே நின்று சொன்னார். என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பெண்களுக்கு இப்போது அந்த ஓடாத மெஷின்தான் சோறு போடுகிறது. சங்கத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயத் திறந்துடாதக்கா" என்றாள். கூடப்பிறந்தவன் கேட்டு இல்லையென்று சொல்ல வைத்துவிட்டார்கள், போ. இனிமேல் கேட்காதே.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கமாட்டேன். இதை மட்டும் சொல்கிறேன். ஏழாம் நம்பரில் உட்காருகிறவள் ஒரு கைக்குழந்தைக்காரி. கோணலாகும் ஒவ்வொரு ஜோடிக்கும் எல்லார் முன்னாலும் திட்டு வாங்குகிறாள். அடுத்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்களாம். நேற்று மொழிபெயர்ப்பவரைக் கூட்டிவந்து, "இதுல முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். என் அக்கா என்றேன். "அவங்களுக்கு என்மேல கோவமா?" என்றாள்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

கோபமில்லை என்று சொல்.

அந்த மெஷினின் வலப்பக்கப் பின்மூலை கொஞ்சம் தாழ்வு. அடியில் சைக்கிள் டியூப் துண்டை இரண்டாக மடித்து வைத்திருந்தேன். நீ இங்கே இருந்தபோது சொல்லியிருந்தால் குப்பை என்று பிடுங்கிப் போட்டிருப்பாய், அதனால் சொல்லவில்லை. பெட்டி கட்டிய அன்று நானே உருவி எடுத்துவந்தேன். வேண்டுமென்றேதான். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடிதத்தை ஒட்டும்முன் சங்கத்தில் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்று சாப்பாட்டு வேளையில் என் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். அலுத்துவிட்டதப்பா.

அங்கிருந்தும் ஒருநாள் அதைப் பெட்டியில் கட்டுவார்கள். அன்றைக்கு இந்தத் துண்டை அவளையே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். மெஷின் ஓடுகிறது என்று மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா