அப்பாவின் தலைக்குழாய் அடைத்துக்கொண்ட மூன்று நாள்

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

மாதா கருணையால் இங்கே நாங்கள் சுகம், குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அப்பாவுக்கு மூளையில் நீர் சேர்ந்து, அது வடிய தலையிலிருந்து வயிறு வரைக்கும் தோலுக்கு அடியில் குழாய் வைத்தார்களே, அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். காலை இழுத்து இழுத்து நடப்பார், உன் தம்பி பிரிட்டோ கடலோடு போய் ஆறு வருஷம் ஆனதையே மறந்துவிட்டு, "பையன் இன்னும் கரைக்கு வர்ல, சோறு எடுத்து வை எஸ்தரு" என்பார். குழாய் வைத்த ஐந்தாம் நாள் தெளிந்து, "பிரிட்டோ செத்துட்டான் இல்ல?" என்று கேட்டார். ஞாபகம் திரும்பிவிட்டது என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மீன் விற்றுவிட்டு வந்தால், அப்பா கதவைப் பிடித்துத் தள்ளாடி நின்றுகொண்டு, "பிரிட்டோ வலை இழுத்துக்கினு கீறான், சங்கரா கொழம்புன்னா ரெண்டு தட்டு துண்ணுவான்" என்றார். குழாய் அடைத்தால் இப்படி ஆகும், அன்றைக்கே கூட்டி வரவேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும் ஜெனி. தெரிந்தேதான் மீன் கழுவ உட்கார்ந்தேன். அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் புதுச் சட்டை கேட்டான் என்றார், என்ன கலர் கேட்டான் என்று நானும் கேட்டேன். மூன்று தட்டு வைத்தேன். வியாழக்கிழமை அவர் வாந்தியெடுத்து விழுந்து கண் திறக்காமல் கிடந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். அடைத்ததை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்தார்கள், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றாள் டாக்டரம்மா. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, இன்றைக்குக் காலையிலிருந்து என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கலங்கரை விளக்கம் வரை தானே நடந்து போய் வருகிறார். அந்த மூன்று நாள் ஞாபகமில்லை என்கிறார். ஆனால் நான் தட்டு எடுக்கும்போது எத்தனை எடுக்கிறேன் என்று பார்க்கிறார்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, பிள்ளையை ஏசிக்கு நேராகப் படுக்கப் போடாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாற்றுவார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அப்பா எப்போதாவது போனில் தம்பி எங்கே என்று உன்னிடம் கேட்டால், எனக்குச் சொல்லாதே, உடனே அவளுக்குப் போன் போடு.

உன் அம்மா,
எஸ்தர்
நொச்சிக்குப்பம்