தாய்வீடு போன கணவர்

சுங்கை பாத்தாங்
3 மார்ச் 1974

எர்மியின் அம்மா ஜவானிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நம் பெண்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்காதே. வயிறு வீங்கியபடியே இருக்கிறது. கம்பவுண்டர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டே போகிறார்.

அக்கா என்னை ஏரி தாண்டி இங்கே அம்மா வீட்டுக்கு அழைத்து வந்து பதினைந்து நாள் ஆகிறது. அம்மா மவுத்தான அதே அறையில் படுக்கை. அறுபத்திரண்டு வயதில் என்னை 'ஜம்மு' என்று சின்ன வயதுப் பெயரால் கூப்பிடுகிறார்கள். குழம்பில் மிளகாயே கிடையாது. நோயாளிக்கு ஆகாதாம்.

நோயில் விழுந்த ஆணை உடன்பிறந்தவள் வந்து கூட்டிப்போவது நம் வழக்கம்தான். நாம் இருந்த வீட்டைக் கட்டியது நான் என்றாலும், பெண்வழி வந்த மண் உன் அம்மாவுடையது. அங்கே நான் விருந்தாளி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பலகைச் சுவர் மெல்லியது, ஜவானிஸ். என்னைக் கூட்டிப்போக அக்கா கேட்டபோது நீ சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. "உங்க வீட்டுப் பிள்ளை. கூட்டிட்டுப் போங்க, குறுக்க நிக்க நாங்க யாரு?" முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய்.

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஜமாரிஸ்


கோத்தோ காச்சியாக்
7 மார்ச் 1974

எர்மியின் அப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் படகுக்காரர் கையில் வந்தது. படித்து முடித்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்கள் அக்கா நல்ல சால்வை போட்டுக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியும் இரண்டு பெரியவர்களுமாக வந்து உட்கார்ந்தார். எடுத்த எடுப்பிலேயே விட மாட்டேன் என்று சொன்னால் எனக்கு முறை தெரியாது என்பார்கள். நான் கூட்டிப்போங்கள் என்பேன். அவர், "இங்கயே இருக்கட்டுமே, ரெண்டும் ஒரே வீடுதானே" என்பார். நான் மறுபடி சொல்வேன், அவர் மறுபடி மறுப்பார். நம் ஆட்களிடம் எது ஒரே பேச்சில் முடிந்திருக்கிறது? அவரோ இரண்டாவது சுற்றுக்கே நிற்கவில்லை. "அப்ப சரி, சட்டையெல்லாம் எடுத்து வைங்க" என்று எழுந்துவிட்டார்.

நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? அவர் உள்ளே வந்து சட்டையை நீட்டியதும் குழந்தை மாதிரி இரண்டு கையையும் தூக்கினீர்கள். 'நான் வரலை' என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று கதவோரம் நின்று காத்திருந்தேன்.

ஏரிப் பொடிமீன் வறுத்து அனுப்பியிருக்கிறேன். மிளகாய் போட்டது. அக்காவுக்குத் தெரியாமல் தின்னுங்கள்.

ஜவானிஸ்


சுங்கை பாத்தாங்
10 மார்ச் 1974

ஜவானிஸ்,

மீன் தின்றேன். அக்கா கண்டுபிடித்து உன்னையும் சேர்த்துத் திட்டினாள். உன் பெயரை இந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது சந்தோஷமாக இருந்தது.

நீ போகச் சொல்லிவிட்டாய் என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன். அதை இனிப் பேச வேண்டாம். எனக்கு உன் வீட்டில் வந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்தன்று உன் ஆட்கள் வெற்றிலையோடு வந்து என்னை அழைத்துப் போனார்கள். மறுபடியும் வெற்றிலை அனுப்பு. முறைப்படி அழைக்க வந்தால் இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். உன் அண்ணனிடம் சொல். சீக்கிரம் சொல்.

ஜமாரிஸ்


கோத்தோ காச்சியாக்
16 மார்ச் 1974

எர்மியின் அப்பாவுக்கு,

அண்ணனிடம் சொன்னேன். ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். "படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷனை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி போய் அழைக்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும். உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா?" என்றார்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நீ போகலைன்னா வெத்தலைப் பெட்டியை நானே தூக்கிட்டுப் போறேன். பிள்ளைங்களோட தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்க, பொண்டாட்டி போய் மாப்பிள்ளை அழைச்சான்னு உன்னைத்தான் சொல்லுவாங்க" என்றேன். அதற்குப் பிறகு வெற்றிலைப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை அண்ணனும் ஆட்களும் உங்களை அழைக்க வருகிறார்கள். ஜன்னலோரம் மெத்தை விரித்துவிட்டேன். எர்மி கோழி ஒன்றைப் பிடித்துக் கூடையில் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜவானிஸ்


சுங்கை பாத்தாங்
24 மார்ச் 1974

ஜவானிஸ்,

படகு நான் இல்லாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருப்பாய். அண்ணனைத் திட்டாதே. அவர் எல்லாம் முறையாகப் பேசினார். வேண்டாம் என்று சொன்னது நான்.

அக்கா தடுக்கவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து மென்றுகொண்டே என் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தாள். "போடா ஜம்மு, உனக்கு அங்கதான் தூக்கம் வரும்" என்றாள். எழுபது வயது அவளுக்கு. ஒரு மாதமாக என் மூத்திரத்துணியைத் துவைக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் மேடான் பட்டணத்தில். அக்கம்பக்கத்துப் பெண்கள் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியை வைத்துப் பார்க்க அவளுக்கு வக்கில்லை என்ற பேச்சு, நான் மவுத்தான பிறகும் அவளை விடாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குலத்து மையவாடி இந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. உன் வீட்டில் கண்ணை மூடினாலும் என்னை இங்கேதான் தூக்கி வருவார்கள். உன் கபர் அங்கே, என் கபர் இங்கே. கல்யாணத்தன்றே தெரிந்த விஷயம்தான். உயிரோடு ஒரு தடவை, மையத்தாக ஒரு தடவை என்று ஏரியைக் கடக்க என்னால் ஆகாது.

இந்த நெல் அறுப்பு வரை தாங்காது என்று கம்பவுண்டர் அக்காவிடம் சொன்னார். என்னை மன்னிக்கப் பார்.

ஜமாரிஸ்


கோத்தோ காச்சியாக்
26 மார்ச் 1974, செவ்வாய்

எர்மியின் அப்பாவுக்கு,

நீங்கள் செய்தது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மெத்தையை இன்னும் சுருட்டவில்லை. உங்கள் அக்காவை வெறுக்கலாம் என்று பார்த்தால், அந்தத் துணி துவைக்கும் கதையை எழுதி அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலைப் படகில் வருகிறேன். நோயாளியைப் பார்க்க மருமகள் வருவதுபோல், தலையில் சோற்றுப் பானையோடு வருவேன். அதை யாரும் தடுக்க முடியாது. அப்படி வருகிற மருமகள் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்பார்கள். நான் திரும்ப மாட்டேன்.

கல்யாணமான புதிதில் இருட்டிய பிறகு படகில் என் வீட்டுக்கு வருவீர்கள், விடிவதற்குள் எழுந்து உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எனக்கும் என் தங்கைகளுக்கும் அது வேடிக்கை. உப்பு குறைந்தால்கூட நீங்கள் வாய் திறந்ததில்லை. உங்களுக்குச் சாதுவான சுபாவம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். சொந்தமில்லாத வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் உங்களைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி நான் இருந்து பார்க்கிறேன். அக்கா அடுப்படிக்குள் விடாவிட்டால் வாசலோரம் உட்கார்ந்துகொள்வேன். எங்கே பாய் போட்டாலும் படுப்பேன். படிக்கட்டில் நிற்கிறவர்கள் என்னையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் எழுத்து கடைசிப் பக்கத்தில் ரொம்ப நடுங்கியிருக்கிறது. பதில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை மட்டும் இருங்கள்.

ஜவானிஸ்