காலியாகத் தெரிந்த ஃபோல்டர்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை தைராய்டு ஆபரேஷன். குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் ஒலிப்பதிவு அறையே கதி என்று கிடக்கிறாள். பார்வையற்றவர்களுக்கான எங்கள் ஒலிநூல் நிலையத்தில் அவள் வாசிப்பவள். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் தலையில். இன்று கடைசி அத்தியாயமான இருபத்திரண்டையும் வாசித்து, பதிவுகளைப் போட்டு வைக்கும் எஃப்.டி.பி. சர்வரில் ஏற்றிவிட்டாள்.

அந்த சர்வர் ஒரு பொதுச் சத்திரம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரும் போடலாம், எடுக்கலாம், அழிக்கலாம். அதிலும் எடிட்டர் அண்ணன் ஒரு புத்தகம் முடிந்ததும் பதிவுகளைத் துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். "காலியாப் பாத்தாதாம்மா வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு." என்றைக்காவது ஃபோல்டர் மாறிப்போனால்? இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

சர்வரில் ஆளுக்கொரு கணக்கு, தனித்தனி பாஸ்வேர்டு போட்டாயிற்று. இரண்டு குழு. வாசிப்பவர்கள் பதிவைப் போடலாம், ஆனால் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எடிட் செய்பவர்கள் பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்க மட்டும் முடியாது.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தாண்ணே." கொஞ்சம் மிடுக்காகத்தான் சொன்னேன்.

கடைசிக் கணக்குகளை அரக்கப்பரக்கப் போட்டுவிட்டு அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓடினேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் திறந்து என்னவோ கேட்டாள். வெறும் காற்றுதான் வந்தது.

சற்று நேரத்தில் அண்ணனின் போன். "ஏம்மா, உங்கக்கா ஃபோல்டர் காலியா இருக்கே?"

வார்டு வாசலிலேயே கத்திவிட்டேன். "தொடைச்சிட்டீங்களா? அந்தக் கை சும்மாவே இருக்காதா?" — வயதில் எவ்வளவு மூத்தவர். "நான் தொடவே இல்லம்மா" என்றார். போனை வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்க ஒரு டிஸ்க் வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்க வேண்டியது யார்? நான்தான்.

சாயங்காலம் அக்கா சீட்டில் எழுதிக் காட்டினாள்: 'கடைசி அத்தியாயம் கேட்டியா?' தலையாட்டினேன். பொய். ஐயோ, இனிமே அவளால வாசிக்கவே முடியலன்னா? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்லுவேன்?

மார்ச் 8, சனி

இருக்கிறது! இருபத்திரண்டும் இருக்கிறது!

காலையில் முதல் ஆளாகப் போய் என் கணக்கில் திறந்தேன். திரையைத் தொட்டுத் தொட்டு இரண்டு முறை எண்ணினேன். வியாழக்கிழமை அவசரத்தில் அண்ணனை வாசிப்பவர்கள் குழுவில் சேர்த்திருக்கிறேன். அவர் கண்ணுக்கு எந்த ஃபோல்டரும் காலியாகத்தான் தெரியும். அழிக்கும் அனுமதியையோ நானே பிடுங்கியாயிற்று. அப்புறம் அவர் எப்படி அழிப்பார்? இது கூட உறைக்காமலா கத்தினேன்?

முதலில் நிம்மதியில் அழுதேன். பிறகு வெட்கத்தில்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். எழுந்து நின்று சொன்னேன். "தப்பு எம்மேலதாண்ணே. மன்னிச்சிருங்க."

"கிடைச்சிருச்சுல்ல? அது போதும்." நாற்காலியை இழுத்தார். "ஆனா இனிமே கத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துரும்மா."

மார்ச் 10, திங்கள்

டிஸ்க் வாங்கிவிட்டேன்.

மார்ச் 29, சனி

புத்தகம் வெளியாகிவிட்டது. அக்கா இன்னும் சீட்டில் எழுதித்தான் பேசுகிறாள். அண்ணன் வீட்டுக்கே வந்து அக்கா கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். "இது புத்தகத்துல இல்லாதது."

போட்டுக் கேட்டோம். எடிட் செய்யும்போது அவர் வெட்டிய துண்டுகள். அக்கா இருமுகிறாள், ஒரே வரியில் நான்கு முறை தடுக்கி விழுகிறாள், "ஏய், தண்ணி கொண்டு வாடி" என்று என்னை விரட்டுகிறாள். அத்தனையையும் ஒன்று விடாமல் எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நானா இப்படிக் கத்தினேன்?"

நானும் அண்ணனும் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தோம். கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் வெறும் காற்று இல்லை, குரல்.