நீ ரிப்பேர் செய்யாத பேனா

என் பிரியமான பெலிக்ஸுக்கு,

கம்பெனி பஸ் இப்போதும் காந்தி மார்க்கெட் ஸ்டாப்பில் நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஏறியதும் உன் இடத்தில் துண்டு போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மார்க்கெட்டில் ஏறுகிறவர்கள் துண்டைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், பின்னால் போய்விடுகிறார்கள். பால்பண்ணை ஸ்டாப் வந்ததும் நானே எடுத்துவிடுவேன். நிற்கிற மனுஷனை எத்தனை நேரம்தான் நிற்க வைப்பது?

நீ போய் நாலு மாதம் ஆகிறது. முதலில் ஊர்ச் சேதி கேள். புது பஸ் விட்டிருக்கிறார்கள். குலுக்கலே கிடையாது, தாலாட்டுகிறது. உனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நீ ஆசையாக வாங்கி வைத்த டிவியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று உன் மகள் மெர்சி மொட்டை மாடியில் ஏறி ஆண்டெனாவில் பழைய சைக்கிள் ரிம்மைக் கட்டிப் பார்த்திருக்கிறாள். தெரிந்த ஒரு சானலும் போய்விட்டது. மறுபடி ஏறியிருக்கிறாள். உன் ரத்தம் வேறு எப்படி இருக்கும்!

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். நான் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் குமாஸ்தா, நீ லேத் ஓட்டுகிற டர்னர். கல்யாணத்துக்கு முன்னால் என் கதை இரண்டு ஒரு சின்னப் பத்திரிகையில் வந்திருந்தது. அந்த இரண்டை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் இருக்கிறதே! கேன்டீனில் எல்லோரும் என்னை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் இப்போது எழுதுவதில்லை என்று ஒருநாள் நீ கேட்டாய். எழுத்துக்கு மூட் வர வேண்டும் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

நீ டீயை வைத்துவிட்டு யோசித்தாய். "மூட் வந்தாத்தான் லேத்தை ஓட்டுவேன்னு நான் சொன்னா ஃபோர்மேன் விடுவாரா சீனு?"

"லேத்தும் எழுத்தும் ஒண்ணா?"

"தெரியல. பாத்துருவோம். நாளையிலேர்ந்து நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தினம் கேப்பேன்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்னோடு பந்தயம் கட்டுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று கையடித்தேன்.

உனக்கு வீட்டில் எழுத இடமும் இல்லை, நேரமும் இல்லை. கிடைத்தது பஸ்ஸில் போகிற அரை மணிதான். முதல் நாள் எழுதியதை நீயே படிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாய். கோழி கிளறின மாதிரி இருந்தது. வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். நீ அந்த ஞாயிற்றுக்கிழமையே அரியமங்கலத்தில் தெரிந்தவர் பட்டறைக்குப் போய், பஸ் குலுக்கலில் வைத்து எழுத ஒரு பலகை செய்ய ஆரம்பித்துவிட்டாய்.

முதல் பலகையைக் கழுத்தில் வாரால் மாட்டிக்கொண்டு வந்தாய். பஸ் பள்ளத்தில் இறங்கியதும் அது வயிற்றில் இடித்தது. இரண்டாவதற்குச் சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கை வைத்தாய். அது எகிறி உன் தாடையிலேயே போட்டது. பஸ்ஸே சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்தாய். மூன்றாவதில் ஸ்பிரிங்குக்கு அடியில் லாரி டியூபை வெட்டி வைத்து, ஓரத்தில் டார்ச் பல்பும் இரண்டு பேட்டரியும் பொருத்தியிருந்தாய், முதல் ஷிப்டுக்கு இருட்டோடு போகிற நாட்களுக்காக. பஸ் குலுங்கியது, பலகை மெல்ல ஆடியது, உன் கை அதோடு ஆடியது. எழுத்து வரிசையாக வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன சார், பரீட்சைக்குப் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றாய்.

உன் கைக்கு அடங்காத பொருளை நான் பார்த்ததில்லை. குடை, டிரான்சிஸ்டர், கைக்கடிகாரம், எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவாய். ஆனால் என் பேனா? கழுத்தில் மை ஒழுகும் பழைய பேனா. ஸ்டோர்ஸ் வேலையெல்லாம் பால் பாயின்ட்டில் போய்விடும். வீட்டில் கதை எழுத மட்டும் இதுதான், கைராசி என்று ஒரு பைத்தியக்காரத்தனம். ஒரு பக்கம் எழுதினால் நடுவிரலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலக்கறை. சோப்புப் போட்டாலும் மறுநாள் வரைக்கும் போகாது. சரி செய்து கொடு என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் திறந்து பார்த்து, மூடி, என் பையிலேயே செருகினாய். "இது இப்படியே இருக்கட்டும் சீனு." ஊரார் பொருளையெல்லாம் பார்க்கிறவனுக்கு என் பேனா மட்டும் இளப்பமா என்று எனக்கு உள்ளூரக் கோபம்.

இரண்டு மாதம் ஒழுங்காக எழுதினேன், சத்தியமாக. பிறகு பொங்கல் வந்தது. நாலு நாள் விட்டுப்போயிற்று. ஐந்தாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ வழக்கம்போல், "எழுதினியா சீனு?" என்றாய். எழுதவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. கேன்டீனில் ரைட்டர் நான். நீ டர்னர். "ஆச்சு" என்றேன்.

அந்த 'ஆச்சு'வைப் பதினோரு வருஷம் சொன்னேன் பெலிக்ஸ். நீ ஒருநாள் விடாமல் கேட்டாய், நான் ஒருநாளும் கூசாமல் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் லேசாகத் தலையாட்டிவிட்டுத் தொழிற்சாலை கேட்டுக்குள் போவாய்.

உன் பழக்கம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? ஆடாத மேஜையில் உனக்கு எழுத்தே வராமல் போனதில்! ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. மாதா கோயில் பூசை முடிந்ததும் பலகையோடு ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் வருவாய். எங்கள் வீட்டில் ஒரு காபி, திரும்பவும் பஸ். போக வர ஒரு பக்கம். காபி குடிக்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறாய் என்று என் மனைவி ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மார்க்கெட்டில் வெங்காயச் சருகு வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாயே, அப்போதுதான் உன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். வலிக்கு இல்லை. இரண்டு மாதம் பஸ் கிடையாது, பக்கம் விட்டுப்போகும் என்ற பயம். நான் பார்க்க வந்த அன்று உன் மனைவி ஜெசிந்தா ஜன்னலோரம் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நீ அந்த மெஷின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பலகையை எடுத்து மேஜை ஓரத்தில் வைக்கச் சொன்னாய். அவள் மிதித்தாள். மேஜை கடகடவென்று ஆடியது. நீ எழுத ஆரம்பித்துவிட்டாய்.

"பாருங்கண்ணே, நான் மிதிச்சாத்தான் இவருக்குப் பேனா ஓடுது" என்றாள். சொல்லிவிட்டு மிதிப்பதை நிறுத்தவில்லை. தைக்கத் துணி இல்லாத நாட்களில் வெறும் மெஷினை மிதித்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவள் என்னை அண்ணே என்றதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இனிமே நீ எனக்கு மச்சான்" என்றாய். அன்று முதல் அப்படித்தான் கூப்பிட்டாய்.

அன்று நீ எழுதிய பக்கத்தை வாங்கிப் படித்தேன். பால்பண்ணை முக்கில் ஒரு அம்மா, தன் எருமை ரோட்டைத் தாண்டுவதற்காகக் கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தினார்கள், எருமை நடுரோட்டில் நின்று யோசித்தது, யோசிக்கட்டும் என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான். நானும் அதே ஜன்னலில் அதே எருமையைப் பார்த்தவன். லேட்டாகிறதே என்று அதைத் திட்டியதுதான் என் ஞாபகத்தில் இருந்தது. நீ என்னைவிட நல்ல எழுத்துக்காரன் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. "பரவாயில்லையே" என்றேன். எவ்வளவு சின்ன புத்தி பார்.

பிறகு அந்தக் காலை. துண்டு போட்டு வைத்திருந்தேன். மார்க்கெட்டில் நீ இல்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், ஐந்து நிமிஷம் நின்றார். பஸ்ஸுக்குக் கிளம்பி, பலகையைக் கையில் எடுத்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் ஜெசிந்தா கூப்பிட்டு அனுப்பினாள். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உன் நோட்டுகள். "நீங்கதான் இதெல்லாம் படிக்கத் தெரிஞ்சவங்க, எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள். ஸ்ரீரங்கம் கொண்டுவந்து நடுவிலிருந்து ஒன்றைப் பிரித்தேன். எந்த வருஷம் என்றுகூடப் பார்க்கவில்லை. பக்கத்தின் கடைசியில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"இன்னிக்கும் எழுதினேன்னு சீனு சொன்னான். விரல்ல கறை இல்லை. கறை பாத்து ரொம்ப நாளாச்சு. பேனாவைச் சரி பண்ணிக் குடுன்னு மறுபடியும் கேட்டான். அஞ்சு நிமிஷ வேலை. பண்ணிட்டா அவன் என்னிக்கு எழுதறான்னு எனக்குத் தெரியாமப் போயிடும். கேக்கறதை நிறுத்தினா அவன் எழுத்தையே மறந்துடுவான். நாளைக்கும் கேக்கணும்."

மச்சான், நான் அழுதேன். முதலில் அவமானத்தில் அழுதேன். பிறகு வேறு எதற்கோ. ஒருத்தன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் தினம் விரலைப் பார்த்துக்கொண்டு, தினம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் பதினோரு வருஷம் யாரால் காத்திருக்க முடியும்? ஒரே ஒருநாள் காதைத் திருகியிருக்கக் கூடாதா நீ?

அன்று சாயங்காலமே பேனாவைக் கழுவி மை போட்டேன். உன் பலகையும் இப்போது என் மடியில்தான். எனக்கு அது தேவையில்லைதான், ஆடாத மேஜையில் எழுத வரும், ஆனாலும் இருக்கட்டும். இது ஏழாவது நாள், ஏழாவது பக்கம். நேற்று மெர்சி வந்திருந்தாள். சாப்பிடும்போது என் விரலைப் பார்த்துவிட்டு, "பேனா ஒழுகுதா மாமா? குடுங்க, அஞ்சு நிமிஷத்துல பாத்துத் தரேன்" என்று கையை நீட்டினாள்.

தொடாதே என்று சொல்லிவிட்டேன். நான் இருக்கிறவரைக்கும் அது ஒழுகட்டும். நாளைக் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டுக்குள் போவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பேன். நீ கேட்க வேண்டாம், விரலைப் பார்த்துக்கொள்.

கறை காயாத கையோடு,
உன் மச்சான்
சீனு