நான்காம் அத்தியாயத்தில் ஒரு லாட்ஜ்காரர்

வேங்கிக்கால்
12.11.2003

அன்புள்ள உங்களுக்கு,

ரேணுகாம்பாள் எழுதுவது. இங்கே நலம். டில்லிக் குளிரை உங்கள் முழங்கால் எப்படித் தாங்குகிறதோ தெரியவில்லை. போனில் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தீபத்துக்குள் மூடிவிடுவார்களாம்.

உங்கள் புத்தகம் வந்தது. ஆறு பிரதிகள். அட்டையில் கோதண்டராமன், வருகைதரு பேராசிரியர், பாதுகாப்பு ஆய்வுகள் என்று பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரர் என்ன வேலை என்று யார் கேட்டாலும் முப்பது வருஷம் 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்' என்று மட்டும் சொன்னவள் நான்.

நான்காம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன்.

தகவல் தந்தவர் செங்கம் சாலையில் பன்னிரண்டு அறை லாட்ஜ் நடத்துபவர், இடது கையில் இரண்டு விரல் இல்லை, நம்பத்தக்கவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் மட்டும் இல்லை.

உளவுத்துறைப் பழக்கம் அது. நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். அறிக்கையில் பெயரை எடுத்துவிட வேண்டும், ஆளை மட்டும் நன்றாக எழுத வேண்டும். அவரை எவ்வளவு நம்பலாம் என்று மேலதிகாரி அதை வைத்துத்தான் முடிவு செய்வார். அந்த அறிக்கைகளைப் படித்த யாரும் இந்த ஊர்க்காரர் இல்லை. புத்தகம் அப்படியில்லை.

போன வாரம் கண்ணாயிரம் வந்தார். உங்கள் புத்தகத்தைத் தமிழில் பெயர்க்கிற ராஜேந்திரன் மலை சுற்ற வந்து அவருடைய லாட்ஜிலேயே தங்கியிருக்கிறார். சாவி வாங்கும்போது கையைப் பார்த்துவிட்டு, இன்னா ஓனரே, நீங்க எங்க புக்ல இருக்கீங்களேனு சிரித்தாராம். கண்ணாயிரமும் சிரித்து வைத்தாராம். என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. சார் பேரைப் போடலீங்கம்மா, அது வரைக்கும் நல்லவருனு சொன்னார். காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

அடுத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே புரிகிறது.

அந்த லாட்ஜில் சமைக்கிறவள் காசியம்மாள். அவள் மகன் அன்பரசன்தான் உங்கள் அத்தியாயத்தில் வரும் இளைஞன். 1991இல் நீங்கள் தேடிக்கொண்டிருந்த, அந்த லாட்ஜின் ஏழாம் அறையில் தங்கியிருந்த இருவரைத் தன் ஆட்டோவில் ஏற்றிப் போனவன். கண்ணாயிரம் உங்களிடம் சொன்னதை வைத்து அவனைப் பிடித்தார்கள். நான்கு வருஷம் உள்ளே இருந்தான். பிறகு அவன் மேல் குற்றமில்லை என்று கோர்ட் விட்டுவிட்டது.

அந்த வரி புத்தகத்தில் இல்லை. தேடினேன்.

அவன் உள்ளே போன மாதம்தான் கண்ணாயிரம் காசியம்மாளை வேலைக்குக் கூப்பிட்டார். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எம்புள்ள ஜெயில்ல இருந்தப்ப எனக்குச் சோறு போட்ட மகராசன்னு ஊரெல்லாம் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஆங்கிலப் புத்தகத்தை இங்கே யாரும் தேடப்போவதில்லை. தமிழில் வந்தால் அன்பரசன் படிப்பான். ஆட்டோவில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கிறது. உள்ளே இருந்தபோது வந்த பழக்கம். அம்மாவுக்கும் படித்துக் காட்டுவான்.

ஆய்வுக்குச் சான்று வேண்டும் என்பீர்கள். சரிதான். வாதம் பண்ண எனக்குத் தெம்பில்லை. நீங்கள் எதையும் சொல்லாத வருஷங்களில் இவ்வளவு களைத்ததில்லை.

தை மாதம் அச்சுக்குப் போகிறதாம். ராஜேந்திரனுக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பக்கத்தையே எடுக்கச் சொல்லுங்கள். விரலை மட்டும் எடுத்தால் போதாது. முடியாதென்றால் தமிழ்ப் பதிப்பே வேண்டாம். கோர்ட் விட்டதை ஆங்கிலத்தில் அடுத்த முறையாவது சேருங்கள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். கம்பளிச் சட்டை, முழங்காலுக்குத் தைலம், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். ஊறுகாய் காசியம்மாள் போட்டது. ரொட்டிய மென்னு மென்னு சாருக்குப் பல்லே தேஞ்சிருக்கும், இத அனுப்புங்க டீச்சரம்மானு கொடுத்தாள். உப்பு ஜாஸ்தி, கைக்குக் கிடைச்சதும் தொறக்க வேணாம், இன்னும் ஒரு வாரம் ஊறட்டும்னும் சொன்னாள்.

அந்த ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு பாட்டிலைத் திறங்கள்.

அண்ணாமலையார் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

ரேணு