அக்கரை அத்தி

12 செப்டெம்பர் 2009, சனி

கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு தேற்றாத்தீவில் மிஞ்சிய ஒற்றை அத்தியின் விதைகளுக்கு மகரந்தம் வந்தது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நிற்கும் அத்தியிலிருந்துதான். எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி அதைச் சுமந்துகொண்டு வாவியைக் கடந்திருக்கிறது.

இதை முதலில் ராணியிடம் சொல்ல நினைத்துப் போனேன். அவளுடைய கணவன் யோகன், சண்டை நடந்த காலத்தில், விதைகளோடு ஒப்பிட அந்த அக்கரை மரத்தின் இலைகளைப் பறித்துவர எனக்காகத் தோணியில் போனவன். தோணி மட்டுமே கரையொதுங்கியது.

நான் சொன்னதை ராணி பொறுமையாகக் கேட்டாள்.

"ஆரு மிஸ் இலை எடுத்த?"

"நான்தான். பாதை திறந்த பிறகு, போன ஆனியில போய்ப் பறிச்சன்."

"மரம் அங்கயே நிண்டதா?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, மிஸ்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்தாள். குடித்தேன். ஆய்வறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியதால்தான் யோகனை அவசரப்படுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அந்த நாளையும் பல்கலைக்கழகம் பிறகு இரண்டு வருடம் தள்ளிப் போட்டுத் தந்தது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன், உடனே தந்துவிட்டார்கள். இதை நான் ராணியிடம் சொன்னதில்லை. இங்கேகூட இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.